கணவர் அங்கே, மனைவி இங்கே: அமெரிக்க ஸ்பவுஸ் விசா பேப்பர்களில் யார், எங்கே கையெழுத்துப் போடணும்?



கல்யாணம் முடிஞ்சு மூணாவது வாரம் மாப்பிள்ளை ஃப்ளைட் ஏறிடறார். லீவு அவ்வளவுதான். விசா வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. ஒருத்தர் டல்லாஸ்ல, ஒருத்தர் திருச்சியில. ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல எப்படிக் கையெழுத்துப் போடறது? ஒவ்வொரு ஃபார்முக்கும் கூரியர் அனுப்பி, திரும்ப வாங்கி, மாசக்கணக்கில் இழுக்குமே?

இதை ஏன் ஒரு சி.ஏ.கிட்ட கேட்கிறாங்கன்னு உங்களுக்குத் தோணலாம். நெட் வொர்த் சர்டிபிகேட்டுக்கும், பழைய ஐ.டி. ரிட்டர்ன் காப்பிக்கும் எங்க ஆபீசுக்கு வர்றவங்கதான் போற போக்கில் இதையும் கேட்கிறாங்க. அவங்ககிட்ட நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. விசா ஃபார்ம் கையெழுத்துக்குத்தான் எல்லாரும் டென்ஷன் ஆகறாங்க. அது நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப சுலபம். ஆனா வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பில் "ஒரு கையெழுத்துதானே"ன்னு யோசிக்காம போட்டுட்டுப் போற பேப்பர் ரெண்டு இருக்கு. அந்த ரெண்டும் உங்க பணத்தைப் பல வருஷத்துக்குக் கட்டிப் போடும். அதனால ஃபார்ம்களைச் சீக்கிரம் முடிச்சிட்டு, அந்த ரெண்டையும் கொஞ்சம் விரிவா பார்க்கலாம்.

முதல்ல ஒரு தெளிவு. கணவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வெச்சிருக்கார், மனைவியைக் குடியேற்ற விசாவில் கூப்பிடறார். இந்தக் கேஸைத்தான் பேசறோம். மனைவி அங்கே இருந்து கணவரைக் கூப்பிட்டாலும் விதி அதேதான். எச்-1பி காரரோட மனைவிக்கான எச்-4 வேற கதை.

ஃபார்ம்கள்

ஆரம்பம் ஐ-130. மனு போடறவர் கணவர், கையெழுத்தும் அவர் மட்டும்தான். ஆன்லைனில் போட்டா 625 டாலர், பேப்பரில் போட்டா 675 டாலர். 2024 ஏப்ரல் 1 முதல் இந்தக் கட்டணம்.

இதோட ஐ-130ஏ-ன்னு ஒரு துணை ஃபார்ம் வரும். மனைவியோட கடந்த 5 வருஷ முகவரி, வேலை, அப்பா அம்மா விவரம் எல்லாம் அதுல. இதுக்காகத்தான் பல பேர் 3,000, 4,000 ரூபாய் கொடுத்து கூரியர் அனுப்பறாங்க. ஃபார்மோட விளக்கக் குறிப்பிலேயே தெளிவா இருக்கு: மனைவி அமெரிக்காவுக்கு வெளியே இருந்தா ஐ-130ஏ-வை முழுசா நிரப்பணும், ஆனா அவங்க கையெழுத்து தேவையில்லை. கூரியர் காசு மிச்சம்.

கையெழுத்து வேணும்கிற மற்ற இடங்களில் கூட, மையில் போட்ட ஒரிஜினல் பேப்பர் அங்கே போய்ச் சேரணும்னு கட்டாயம் இல்லை. பிரிண்ட் எடுங்க, பேனாவால கையெழுத்துப் போடுங்க, ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. அந்த ஸ்கேனோட பிரிண்டை யு.எஸ்.சி.ஐ.எஸ். ஏத்துக்கும். கொரோனா காலத்தில் தற்காலிகமா வந்த சலுகை இது, 2022-ல நிரந்தரமாக்கிட்டாங்க. கையால போட்ட அந்த ஒரிஜினலைப் பத்திரமா ஃபைல் பண்ணி வையுங்க, பின்னாடி கேட்க அவங்களுக்கு உரிமை இருக்கு.

கையெழுத்து இடத்தில் பேரை டைப் அடிச்சா செல்லாது. ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. கையால போட்டதா இருக்கணும். இன்னொரு சந்தேகமும் நிறைய வருது, "நான் தமிழ்லதான் கையெழுத்துப் போடுவேன், பரவாயில்லையா?" பரவாயில்லை. கையெழுத்து இங்கிலீஷில் இருக்கணும்னோ, படிக்கிற மாதிரி இருக்கணும்னோ விதி கிடையாது. நீங்க வழக்கமா போடற கையெழுத்தா இருந்தா போதும். பாஸ்போர்ட்டில் இருக்கிறதையே எல்லா இடத்திலும் போடுங்கன்னுதான் நான் சொல்வேன், நாளைக்கு ஒரு கேள்வி குறையும்.

மனு அப்ரூவ் ஆனதும் ஃபைல் என்.வி.சி.க்குப் போகும். அங்கே 325 டாலர், 120 டாலர்னு ரெண்டு கட்டணம். அமெரிக்க பேங்க் அக்கவுன்ட்டில் இருந்துதான் கட்ட முடியும், அதனால அது கணவர் வேலை. அடுத்து மனைவியோட விண்ணப்பம் டிஎஸ்-260, முழுக்க ஆன்லைன். கடைசியில் வர்ற "கையெழுத்திட்டுச் சமர்ப்பி" பட்டனை மனைவிதான் அழுத்தணும். நடைமுறையில் என்ன நடக்குது? லாகின் கணவர்கிட்ட இருக்கும், ராத்திரி உட்கார்ந்து அவரே நிரப்பி அவரே அழுத்திடுவார். மனைவி அதைப் படிச்சிருக்கவே மாட்டாங்க. அப்புறம் இன்டர்வியூவில் வலது கையைத் தூக்கி, இதில் இருக்கிறதெல்லாம் உண்மைன்னு உறுதிமொழி எடுக்கிறது அவங்கதான். ஃபார்ம் நிரப்ப யார் உதவி பண்ணாலும் அதைச் சொல்றதுக்கு அதுலயே இடம் இருக்கு. ஒரு வீடியோ காலில் ஸ்கிரீனை ஷேர் பண்ணி வரிவரியா ரெண்டு பேரும் படிங்க. ஒரு மணி நேர வேலை.

"அவ கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும், நானே போட்டுடறேன்" - இதை எங்க ஆபீசிலேயே சிரிச்சிக்கிட்டே சொன்னவங்க உண்டு. பேங்க் சலானுக்கே நான் இதை ஒத்துக்க மாட்டேன். இங்கே விஷயம் இன்னும் பெரிசு. செல்லாத கையெழுத்துன்னா மனு திரும்பி வரலாம், நிராகரிக்கப்படலாம். விசாவுக்காக முக்கியமான விஷயத்தில் தெரிஞ்சே பொய் சொன்னதா அதிகாரி முடிவு பண்ணிட்டா, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் அது ஆயுளுக்கும் தடை. விலக்கு கேட்டு மனு போடலாம், கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை. ஸ்கேன் பண்ணி அனுப்ப அஞ்சு நிமிஷம்தான் ஆகுது, எதுக்கு இந்த ரிஸ்க்?

ரெண்டு பேரும் நேரில் இருக்க வேண்டிய இடம்

அது திருமணப் பதிவு. கோயிலில் கொடுத்த ரசீதும் மண்டபப் பத்திரிகையும் போதாது, சார்பதிவாளர் கொடுக்கிற சான்றிதழ் வேணும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு பண்ணணும், கூடுதல் கட்டணத்தோட இன்னொரு 60 நாள் கிடைக்கும். ரெண்டு பேரும் சாட்சிகளோட சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடணும்.

மாப்பிள்ளைக்கு மூணு வாரம்தான் லீவுன்னா, விருந்துக்குப் போற வீடுகளில் ரெண்டைக் குறைச்சுக்கிட்டு இதை முடிச்சிடுங்க. பேர், இனிஷியல், அப்பா பேர் எல்லாம் ரெண்டு பாஸ்போர்ட்டிலும் இருக்கிற மாதிரியே சான்றிதழில் வருதான்னு அங்கேயே பாருங்க. இனிஷியலை விரிச்சு எழுதறதில்தான் நம்ம ஆளுங்க ஃபைல் நிறைய மாட்டுது.

பதிவு பண்ணாமலே கிளம்பிட்டாரா? 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு கொடுத்தது. மணமகன் அமெரிக்காவில், மணமகள் கன்னியாகுமரி மாவட்டத்தில். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் வீடியோ கான்ஃபரன்ஸில் திருமணத்தை நடத்திக்கலாம், மணமகன் கொடுத்த பவரை வெச்சு அவருக்கும் சேர்த்து மணமகளே பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம்னு கோர்ட் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா அதை பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனா உங்க ஊர் சார்பதிவாளர் உடனே ஒத்துப்பார்னு நம்பிடாதீங்க. நீங்களும் கோர்ட் வரைக்கும் போக வேண்டி வரலாம். அந்தச் செலவையும் நாளையும் ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டோட ஒப்பிட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

பவர்னு சொன்னதால ஒரு சின்ன விஷயம். அமெரிக்காவில் இருந்து வர்ற பவர் பத்திரத்துக்கு ஸ்கேன் காப்பி உதவாது. அங்கே நோட்டரி முன்னாலோ இந்தியத் தூதரக அதிகாரி முன்னாலோ கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலை கூரியரில் அனுப்பணும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள இங்கே முத்திரைத் தீர்வை கட்டணும். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீங்க, வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

ஐ-864: இது ஒரு ஒப்பந்தம்

இப்போ முதல் பெரிய கையெழுத்து. ஐ-864ல கணவர் கையெழுத்துப் போடறார். "என் மனைவி அரசாங்கத்துக்குப் பாரமா இருக்க மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்"னு அமெரிக்க அரசாங்கத்தோட போடற ஒப்பந்தம் அது. நோட்டரி தேவையில்லை, கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி என்.வி.சி. தளத்தில் ஏத்தினா போதும். இவ்வளவு சுலபமா இருக்கிறதால யாரும் இதை ஒப்பந்தம்னு நினைக்கிறதே இல்லை.

கணவரோட வருமானம், வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்கணும். 2025 அளவுப்படி ரெண்டு பேர் குடும்பத்துக்கு 21,150 டாலர், அதில் 125 சதவீதம்னா சுமார் 26,437 டாலர். வருஷா வருஷம் மாறும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிக் கணக்கு. நல்ல வேலையில் இருக்கிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. வேலை மாறினவர், இப்போதான் தொழில் ஆரம்பிச்சவர் மாட்டுவார். அப்போ சொத்தைக் காட்டலாம். கணவர் அமெரிக்கக் குடிமகன்னா, குறையற தொகையைப் போல 3 மடங்கு. கிரீன் கார்டுன்னா 5 மடங்கு. 5,000 டாலர் குறைஞ்சா 15,000 அல்லது 25,000 டாலர் சொத்து. மனைவி பேரில் இங்கே இருக்கிற எஃப்டி-யையும் இதில் சேர்க்கலாம், ஒரு வருஷத்துக்குள்ள காசாக்க முடியணும். நிறைய பேருக்கு இது தெரியறதில்லை.

அதுவும் பத்தலைன்னா ஜாயின்ட் ஸ்பான்சர். நியூ ஜெர்சியில் இருக்கிற மாமாவுக்கு ஒரு போன் போடுவோம். "ஒரு கையெழுத்துதான் மாமா, ஃபார்மாலிட்டி." மாமாவும் பாசத்தில் போட்டுடுவார்.

அந்தப் பொறுப்பு எப்போ முடியும்னு பாருங்க. மனைவி அமெரிக்கக் குடிமகள் ஆனா முடியும். சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் 40 காலாண்டு சேர்ந்தா முடியும், அதாவது ஏறக்குறைய 10 வருஷ வேலை. கிரீன் கார்டை விட்டுட்டு நிரந்தரமா நாடு திரும்பினா முடியும். இறந்தா முடியும். விவாகரத்து ஆனா? முடியாது. தம்பதி பிரிஞ்சு போய் ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் கணவரோட பொறுப்பும் தொடரும், மாமாவோட பொறுப்பும் தொடரும். மனைவி சில அரசு உதவிகளை வாங்கினா, அந்தப் பணத்தைக் கையெழுத்துப் போட்டவங்ககிட்ட திருப்பிக் கேட்க முடியும். மாமாகிட்ட இதை முழுசா சொல்லிட்டுக் கையெழுத்து கேளுங்க.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்த ஃபார்மில் உங்க கையெழுத்து இல்லை, ஆனா இது உங்களுக்கான பாதுகாப்பு. அந்த 125 சதவீத அளவுக்கு உங்களைப் பராமரிக்க வேண்டியது ஸ்பான்சரோட சட்டப் பொறுப்பு. அவர் செய்யலைன்னா அங்கே கோர்ட்டில் வழக்குப் போட முடியும். முழு ஐ-864 காப்பி ஒண்ணை உங்க சொந்த ஈமெயிலில் வெச்சுக்கோங்க. கல்யாணமான புதுசில் இதைக் கேட்கக் கூச்சமா இருக்கும். பரவாயில்லை, கேளுங்க.

ஜாயின்ட் ரிட்டர்ன்: கூட்டிப் பார்க்காமல் போடக் கூடாத கையெழுத்து

ஐ-864-க்குக் கணவரோட கடைசி வருஷ வரி ரிட்டர்னோ, ஐ.ஆர்.எஸ். டிரான்ஸ்கிரிப்டோ வேணும். அங்கேதான் அடுத்த பெரிய கையெழுத்து வருது.

அமெரிக்காவில் உங்க ஃபைலிங் நிலை என்னன்னு டிசம்பர் 31-ஐ வெச்சுத்தான் பார்ப்பாங்க. டிசம்பர் 28 கல்யாணம்னாலும் அந்த வருஷம் முழுக்க நீங்க கல்யாணமானவர். மனைவி இந்தியாவில்தானே இருக்காங்கன்னு "சிங்கிள்"னு ஃபைல் பண்றது தப்பு. விசா ஃபைலில் கல்யாணத் தேதி ஒண்ணு சொல்லும், டிரான்ஸ்கிரிப்ட் வேற சொல்லும். அப்படிப் பண்ணியிருந்தா 1040-எக்ஸ் போட்டுத் திருத்திட்டு அப்புறம் என்.வி.சி.க்கு அனுப்புங்க.

அடுத்தது நேர் எதிரான நம்பிக்கை. "ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டாத்தான் உண்மையான கல்யாணம்னு நம்புவாங்க." அப்படி எந்த விதியும் இல்லை. கல்யாணமாகித் தனியா ஃபைல் பண்றவர்னு ஒரு நிலை இருக்கு, மனைவிக்கு நம்பர் இல்லைன்னா அந்த இடத்தில் என்ஆர்ஏ-ன்னு போடலாம். சட்டப்படி சரி, விசாவுக்கும் பாதகம் இல்லை.

அப்போ ஏன் எல்லாரும் ஜாயின்ட் கேட்கிறாங்க? வரி குறையும். 2024 வருஷத்துக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் தனியா போட்டா 14,600 டாலர், சேர்ந்து போட்டா 29,200 டாலர். ரீஃபண்ட் நல்லா வரும். கணவரோட டேக்ஸ் கன்சல்டன்ட் ஒரு பிடிஎஃப் அனுப்புவார், "ரெண்டு இடத்தில் சைன் பண்ணச் சொல்லுங்க"ன்னு.

அந்த ரெண்டு இடத்தில் ஒண்ணு ரிட்டர்ன். இன்னொண்ணு, "எங்களை வருஷம் முழுக்க அமெரிக்க வரி ரெசிடென்டா நடத்துங்க"ன்னு ரெண்டு பேரும் சேர்ந்து கொடுக்கிற அறிக்கை. மனைவி இன்னும் திருச்சியை விட்டே கிளம்பலை, ஆனா அந்தக் கையெழுத்தோட அவங்க உலக வருமானம் முழுக்க அமெரிக்க ரிட்டர்னுக்குள்ள வந்துடுது. இங்கே வாங்கற சம்பளம், எஃப்டி வட்டி, அப்பா எழுதிக் கொடுத்த வீட்டு வாடகை எல்லாம். பிபிஎஃப் வட்டிக்கு இங்கே வரி கிடையாது, அங்கே உண்டு. நம்ம மியூச்சுவல் ஃபண்டுக்கு அங்கே தனி விதி, ரொம்பக் கடுமையானது. இங்கே கட்டின வரிக்கு அங்கே கிரெடிட் கிடைக்கும், ஆனா இங்கே வரியே இல்லாத வருமானத்துக்கு எந்த கிரெடிட்? அதோட ஜாயின்ட் ரிட்டர்னில் வர்ற வரிப் பாக்கிக்கு ரெண்டு பேருமே முழுப் பொறுப்பு. கணவர் ஒரு சைடு வருமானத்தைக் காட்டாம விட்டா, நோட்டீஸ் உங்க பேரிலும் வரும்.

இந்தத் தேர்வு அந்த ஒரு வருஷத்தோட நிக்காது, முடிக்கிற வரைக்கும் தொடரும். ஒரு தடவை முடிச்சிட்டா, அதே தம்பதி திரும்ப அதை எடுக்கவே முடியாது.

பாஸ்போர்ட் சிக்கலும் இருக்கு. மனைவிக்கு ஐடிஐஎன் வாங்க டபிள்யூ-7 போடணும், அதுவும் பேப்பர் ரிட்டர்னோட சேர்த்து. அதுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட் அல்லது பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகமே சான்றளிச்ச நகல் வேணும். இல்லைன்னா ஐ.ஆர்.எஸ். அங்கீகரிச்ச ஏஜென்ட் சரிபார்க்கணும். நம்ம ஊர் நோட்டரி அட்டஸ்டேஷன் எடுபடாது. மும்பை இன்டர்வியூ எப்போ வேணா வரலாம்கிற நேரத்தில் பாஸ்போர்ட்டை டெக்சாஸுக்கு அனுப்பறது எனக்குச் சரியாப் படலை.

என் கருத்தைச் சொல்றேன். மனைவிக்கு வேலையோ பெரிய முதலீடோ இல்லைன்னா ஜாயின்ட் லாபமாவே இருக்கலாம். சம்பளம், ஃபண்ட், பிபிஎஃப் இருந்தா, முதல் வருஷம் தனியா ஃபைல் பண்ணச் சொல்லுங்க. ஏன்னா தனியா போட்டதைப் பின்னாடி ஜாயின்ட்டா மாத்தலாம், பொதுவா 3 வருஷம் டைம் இருக்கு. மனைவி அங்கே போய் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வாங்கின பிறகு, ரெண்டு கணக்கையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்து, லாபம்னா திருத்தின ரிட்டர்ன் போட்டு அந்த ரீஃபண்டை வாங்கிக்கலாம். டபிள்யூ-7 வேண்டாம், பாஸ்போர்ட் பிரிய வேண்டாம். ஜாயின்ட்டா போட்டதை, ஃபைலிங் கெடு முடிஞ்ச பிறகு தனித்தனியா மாத்த முடியாது. இந்த வித்தியாசத்தை அங்கே இருக்கிற கன்சல்டன்ட் சொல்லாம விட்டா நீங்க கேளுங்க, ரெண்டு விதத்திலும் கணக்குப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு பக்கத் தாள்தான். அது வந்து, மனைவியும் அதைப் படிச்ச பிறகு பிடிஎஃப்பைத் திறந்தா போதும்.

மியூச்சுவல் ஃபண்டைக் கிளம்பறதுக்கு முன்னாடி விற்கணுமா, வெச்சுக்கலாமாங்கிறது தனிக் கணக்கு. வாங்கின தேதி, லாபம், இங்கே வர்ற வரி மூணையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை அடுத்த வீடியோவில் எக்ஸெல் ஷீட்டோட காட்டறேன். உங்க ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை இப்பவே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க.